ஆர்கெஸ்ட்ரா மேடையிலிருந்து சொந்தப் பாட்டுக்கு: பெங்களூர்ப் பாடகிக்கு ஒரு கையேடு

முதலில் போட்டோ ஷூட் வைக்காதீர்கள்.

கச்சேரி மேடையில் பெயர் வாங்கிய ஒரு பெண், "இனிமே நான் பாப் பாடகி" என்று முடிவு செய்ததும் பெரும்பாலும் முடியை வெட்டி, கலர் அடித்து, சர்ச் ஸ்ட்ரீட்டில் இரண்டு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். படம் நன்றாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தேடி வருகிறவருக்குக் கிடைப்பதோ கல்யாண மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த பழைய வீடியோ. எக்கோ தூக்கலான மைக், வேறொருத்தர் பாடிப் புகழ்பெற்ற சினிமாப் பாட்டு. படத்தில் ஒரு ஆள், பாட்டில் வேறு ஆள். வந்தவர் போய்விடுவார், மறுபடி வர மாட்டார்.

அதனால் பாட்டும் குரலும் முதலில், உடையும் படமும் அதற்குப் பிறகு, மேடை கடைசியில். அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் கோயில் திருவிழாவிலும் ரிசப்ஷனிலும் பாடிக்கொண்டிருக்கும் பாடகிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். குரல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இல்லாதது உங்கள் பெயரில் ஒரு பாட்டு.

எதைத் தொடக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பாப் பாடகி உஷா உதுப் 1947இல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் பாட வந்தபோது, அந்த மாதிரி இடத்தில் பாடகி என்றால் கவுன்தான். அவர் புடவையில் வந்து நின்றார். பிறகு கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட், இந்தி சினிமா, விளம்பரப் பாட்டு, பல மொழிகள் என்று பாட்டு எத்தனையோ தடவை மாறியது. காஞ்சிபுரம் புடவையும், வங்காள 'க' எழுத்துப் போட்ட பெரிய பொட்டும் மாறவில்லை. 2024இல் பத்மபூஷண் வந்தபோதும் ஜனங்கள் மனதில் இருந்தது அதே உருவம்தான். புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டதைக்கூட யாரும் மாற்றமாகப் பார்க்கவில்லை, அவருடைய குறும்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பாப் பாடகி மடோனா இதற்கு நேர் எதிர். 1983இல் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து முடி, உடை, பேச்சு எல்லாம் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறின. ஆனால் 1998இல் 'ரே ஆஃப் லைட்' வந்தபோது எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது உடை இல்லை, குரல். 1996இல் வந்த 'எவிட்டா' படத்துக்காகக் குரல் பயிற்சி எடுத்திருந்தார். அது அடுத்த ஆல்பத்தில் கேட்டது.

உங்களுக்கு எது மாறாமல் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: உங்களை மேடையில் பார்த்த பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். "என்னை நினைச்சா உங்களுக்கு முதல்ல எது ஞாபகம் வருது?" கேட்கிற ஆட்களில் குடும்பத்தார் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கீபோர்டுக்காரர், சவுண்டுக்காரர், மண்டப மேனேஜர், பக்கத்துத் தெரு அக்கா, கோயில் கமிட்டிக்காரர் என்று கலந்து இருக்கட்டும். ஏழு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால், அது மூக்குத்தியோ, கரகரப்போ, பாட்டுக்கு நடுவில் அடிக்கிற ஜோக்கோ, அதை விடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். பத்துப் பேரும் பத்து விஷயம் சொன்னால் உங்களுக்கு இன்னும் ஒரு முகம் அமையவில்லை என்று பொருள். அப்படியானால் பயப்படாமல் எல்லாவற்றையும் மாற்றலாம், இழக்க ஒன்றும் இல்லை.

குரலும் கட்டையும்

ஆர்கெஸ்ட்ராவில் உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கவே மாட்டீர்கள். பாடகர் குரல் இல்லாத மைனஸ் ஒன் டிராக் எந்தக் கட்டையில், அதாவது சுருதியில், இருக்கிறதோ அதில் பாடுவது, இல்லாவிட்டால் ஒரிஜினல் பாடகியின் கட்டையில் பாடுவது. இப்படி வருடக்கணக்கில் மேல் ஸ்தாயியிலேயே கத்திக் கத்தி, கீழ்க்குரல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். சொந்தப் பாட்டில் காசு அந்தக் கீழ்க்குரலில்தான் இருக்கிறது. சரணத்தை மைக்கின் காதில் பேசுவதுபோலப் பாடி, பல்லவியில் குரலை எடுத்தால்தான் எடுத்தது தெரியும். ஆரம்பத்திலிருந்தே உச்சியில் நின்றால் போக இடம் இல்லை.

கட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். போனில் ஒரு தம்புரா ஆப்பும் ரெக்கார்டரும் வேண்டும். மூன்று நாள் காலையிலும் மூன்று நாள் மாலையிலும் செய்யுங்கள், ஏனென்றால் காலைக் குரல் கீழே இறங்கி ஏமாற்றும். வார்த்தை தெளிவாகக் கேட்கிற வரை எவ்வளவு கீழே போக முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, தொடர்ந்து பத்துத் தடவை நோகாமல் தொட முடிகிற மேல் ஸ்வரம் எது என்று பாருங்கள். ஒரே ஒரு தடவை தொட முடிகிற ஸ்வரம் கணக்கில் வராது. பல்லவியின் உச்சி அந்த மேல் ஸ்வரத்துக்கு ஒரு முழு ஸ்வரமாவது கீழே நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் ஒன்றரை மணி நேர மேடையின் கடைசிப் பாட்டில் உங்களைக் காப்பாற்றும். கர்நாடக சங்கீதம் ஐந்தரைக் கட்டையில் கற்றவர்கள், பாட்டும் ஜி ஷார்ப்பில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது உண்டு. வேண்டியதில்லை. பாட்டு எங்கே உட்கார்கிறதோ அதுதான் கட்டை.

கர்நாடகப் பயிற்சி உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் ஸ்டுடியோவில் வரும். பிட்ச் சரிசெய்யும் மென்பொருளுக்கு, ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் என்றால் என்னவென்று தெரியாது. அசைவை எல்லாம் பிழை என்று எண்ணி நேராக இழுத்துவிடும். உங்கள் குரலே உங்களுக்குப் பிளாஸ்டிக் மாதிரிக் கேட்கும். என்ஜினியரிடம் இரண்டே விஷயம் சொன்னால் போதும்: ஸ்வரத்தை இழுத்துத் திருத்துகிற 'ரீட்யூன்' வேகத்தைக் குறைத்து வையுங்கள், அசைவு இருக்கிற இடங்களை விட்டுவிட்டு நின்ற ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்துங்கள். நேரம் கூடுதலாகும். அந்தக் காசைக் கொடுங்கள்.

வார்த்தை விஷயம் பெங்களூருக்கே உரியது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள் இங்கே நிறைய. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடினால் ர, ற, ல, ள, ழ எல்லாம் ஒன்றாகக் கலந்துபோகும். கன்னட எழுத்தில் எழுதுவது அதைவிட மேல். 'காகம்', 'தங்கம்' இரண்டிலும் எந்தக் க எப்படி ஒலிக்கும் என்று கன்னடம் தெளிவாகக் காட்டிவிடும், தமிழ் எழுத்தே காட்டாததைக்கூட. ஆனால் இன்றைய கன்னடத்தில் ழ இல்லை. ள என்று எழுதி, அதன் கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 'மழை'யை 'மளை' என்று பாடிய பாட்டைச் சென்னைக்காரர்கள் மன்னிப்பதே இல்லை. திருத்தமெல்லாம் ரெக்கார்டிங்குக்கு முன்னால்தான். மிக்ஸ் முடிந்த பிறகு ஒரு எழுத்துக்காக மறுபடி பாடினால் குரலின் நிறம் ஒட்டாது.

ரெக்கார்டிங்

ஒரு பாட்டோடு ஆரம்பிக்காதீர்கள், நான்கு பாட்டு தயாரானதும் வெளியே வாருங்கள். ஒரு பாட்டைக் கேட்டுப் பிடித்தவர் அடுத்த நிமிடமே "வேற என்ன இருக்கு?" என்று தேடுவார். அடுத்த பாட்டு வராமல் அந்த இடம் காலியாகவே கிடந்தால் அந்தப் பிடிப்பு அங்கேயே முடிந்தது.

ஒரு பாட்டுக்குக் குரல் எடுக்க மூன்று முதல் நான்கு மணி நேரம் ஸ்டுடியோ எடுங்கள். முதல் அரை மணி நேரம் குரல் சூடாவதற்கே போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறவர்கள் கடைசியில் அவசரத்தில் பாடுவார்கள். முழுப் பாட்டை ஐந்தாறு டேக் பாடிவிட்டு, அதிலிருந்து வரிவரியாகப் பொறுக்குவது வழக்கம். பல்லவிக்கு அதே மெட்டில் இன்னும் இரண்டு டேக், பிறகு ஹார்மனி என்கிற துணைக்குரல். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கிற வலையான பாப் ஃபில்டர். மேடையில் உதட்டை மைக்கில் ஒட்டிப் பாடிய பழக்கம் ஸ்டுடியோவில் 'ப', 'ம' எல்லாவற்றையும் குண்டாக்கிவிடும்.

வீட்டிலேயே எடுப்பதானால் துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடுங்கள். குரல் சுவரில் பட்டுத் திரும்பாது. இந்திராநகர், தொம்மலூர், மர்ஃபி டவுன் பக்கம் பகலில் எச்ஏஎல் ஹெலிகாப்டர் பறக்கும், அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. இரவில் எடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும்.

மிக்ஸ் முடிந்த அன்றே கேட்டு வாங்க வேண்டியவை: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் டபிள்யூஏவி மாஸ்டர் (பாட்டின் இறுதிப் பதிவு), குரல் இல்லாத மைனஸ் ஒன், இசை இல்லாத வெறும் குரல், வாத்தியம் வாரியாகப் பிரித்த ஸ்டெம்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு மேடம்" என்பார்கள், உண்மையாகவே போயிருக்கும். சத்தம் அதிகமாக இருந்தால் நல்லது என்று மாஸ்டரை நசுக்கச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கும். நசுக்கிய பாட்டு அங்கே சப்பையாகக் கேட்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இதைப் பலர் பாட்டு ஓடின பிறகுதான் யோசிக்கிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த மாஸ்டர் இன்னொன்று. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கதையைக் கேட்டால் வித்தியாசம் விளங்கும். 2006இல் கன்ட்ரி பாடகியாக வந்தவர். 2012 ஆல்பத்தில் பாதிக்கு பாப் கலந்து, 2014இல் முழு பாப்புக்கு வந்தார். இரண்டு வருடம் எடுத்துப் படிப்படியாக மாறியதைக் கவனியுங்கள். 2019இல் அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் அவர் கைக்கு வராமல் வேறொருவருக்கு விற்கப்பட்டன. பாட்டை எழுதியவர் அவரே என்பதால் 2021 முதல் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடிப் புது மாஸ்டர் செய்ய முடிந்தது. பழைய மாஸ்டர்களை 2025இல் வாங்கிக்கொண்டார். எழுதாமல் பாட மட்டும் செய்திருந்தால் அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது.

அதனால் ரெக்கார்டிங் நாளிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: வரி யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டு யாருக்கு எத்தனை, மாஸ்டர் யாருடையது. எல்லாரும் கையெழுத்து. நண்பர்களுக்குள் என்ன தாள் என்று வெட்கப்பட வேண்டாம், நட்பு நிற்பதே அந்தத் தாளால்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டம் பாடகிக்கும் ராயல்டி உரிமை தருகிறது. வரியோ மெட்டோ உங்களுடையது என்றால் ஐபிஆர்எஸ், பாடியதற்கு இஸம்ரா, ராயல்டி வசூலித்துத் தருகிற இந்த இரண்டு சங்கங்களிலும் சேருங்கள்.

மியூசிக் கம்பெனிக்கு உரிமையை எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தத்தில் காலமும் இடமும் எழுதவில்லை என்றால் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஐந்து வருடம், இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுதும்" என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் காலத்தைக் கையால் எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

சினிமாப் பாட்டை மறுபடி பாடிப் போடுவது தனிக் கதை. யூடியூபில் போட்டால் பாட்டின் உரிமையாளர் உரிமை கோரி வருமானத்தை எடுத்துக்கொள்வார். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் போட உரிமம் வேண்டும். புதுத் தோற்றத்தில் வெளிவரும் முதல் வீடியோ கவர் பாட்டாக இருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். நீங்கள் மறுபடி "அந்தப் பாட்டைப் பாடுற பொண்ணு" ஆகிவிடுவீர்கள் என்பது இன்னொன்று.

உடை

பாட்டு நான்கும் கையில் வந்த பிறகு இங்கே வாருங்கள். பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். இந்த உடையில் இந்தப் பாட்டுக்கு உடம்பு ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. துணி எடுக்கச் சிக்பேட், ரெடிமேடுக்கும் அவசரத் தையலுக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட். டிசைனர் இப்போதைக்கு வேண்டாம், சொன்னதைக் கேட்கிற டெய்லர் ஒருவர் போதும்.

புடவையை விடாமல் பாப் பாட நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புடவை தகராறு செய்வது அழகில் இல்லை, ஒயரில். பாடும்போது உங்கள் குரலையும் இசையையும் கேட்கக் காதில் மாட்டும் இன்-இயர் மானிட்டரின் பெட்டி சோப்பு டப்பா அளவு இருக்கும். அதை உள்பாவாடை நாடாவில் சொருகினால் இரண்டாவது பாட்டில் நாடா தளர்ந்து, கொசுவம் சேர்ந்து இறங்கும். இரண்டு அங்குல அகல எலாஸ்டிக் பட்டை ஒன்றை உள்பாவாடைக்கு மேலே தனியாகக் கட்டி, முதுகுப் பக்கம் முதுகெலும்புக்குச் சற்று இடது புறமாகப் பெட்டியை வையுங்கள். நடு முதுகில் வைத்தால் உட்காரும்போது குத்தும். ஒயர் ரவிக்கைக்கு உள்ளேயே ஏறி, பின்கழுத்தில் வெளியே வரட்டும். அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு. காதுக்கும் கழுத்துக்கும் நடுவே தலையைத் திருப்புகிற அளவு தளர்வு விட வேண்டும், இல்லாவிட்டால் வலது பக்கம் திரும்பிய உடனே இடது காது கழன்று வரும். பெட்டியின் ஆன்டெனா மடங்கியோ உடம்பில் ஒட்டியோ இருந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். வியர்வை உள்ளே போகாமல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஆட்டம் அதிகம் என்று ஹெட்செட் மைக்கும் மாட்டினால் அதற்கும் ஒரு பெட்டி வரும். இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள், ஒன்று அனுப்புவது மற்றொன்றைக் கெடுக்கும். ஒன்று இடது, ஒன்று வலது.

ஹெட்செட் போட்டால் ஜிமிக்கி வேண்டாம், கம்பியில் இடித்து டிக் டிக் என்று ஸ்பீக்கரில் வரும். கண்ணாடி வளையல் மைக் பிடிக்காத கையில். புடவையைக் கணுக்காலுக்கு மேலே வருகிற மாதிரி கட்டுங்கள், மேடை முழுக்க ஒயர் ஓடும். அகலச் சரிகை முன்விளக்கில் வெள்ளையாக எரிந்து முகத்தை இருட்டாக்கும், சிறு கட்டம் வீடியோவில் அலை அலையாக நெளியும். இரண்டையும் தவிர்க்கலாம். உடையோடு ஒரு தடவை முழுப் பாட்டையும் வீட்டு மாடியில் குதித்துப் பாடிப் பார்த்துவிடுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தைந்து தாண்டிய பாடகியிடம் "கொஞ்சம் யங்கா டிரஸ் பண்ணுங்க" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அதே மேடையில் தொப்பையோடு நிற்கிற பாடகரிடம் யாரும் சொல்வதில்லை. பாட்டு எந்த வயதில் இருக்கிறதோ உடையும் அந்த வயதில் இருந்தால் சரி.

படமும் பெயரும்

மூன்று படம் போதும்: அகலமாக ஒன்று, சதுரமாக ஒன்று, நெடுக்காக ஒன்று. மூன்றிலும் அதே உடை, அதே வெளிச்சம். பாட்டின் அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும், அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்து முகம் தெரிகிறதா என்று சோதியுங்கள்.

பெயரை இப்போதே ஒரே எழுத்தில் கட்டிப்போடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'த'வுக்கு எச் போட்டும் போடாமலும், முன்னால் இனிஷியல் வைத்தும் வைக்காமலும் நாலு விதமாக எழுதுவோம். ஒவ்வொரு விதமும் ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒரு தனிப் பாடகி ஆகிவிடும். அதே பெயரில் வேறொருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழும், அதை மீட்க வாரக்கணக்கில் மெயில் அனுப்ப வேண்டும். வெளியிடுமுன் எல்லாத் தளத்திலும் தேடுங்கள், பெயர் எடுக்கப்பட்டிருந்தால் ஊரையோ தெருவையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தால் பெயர் மாறுவதும் இதில் சேரும். உஷா உதுப்பின் ஆரம்பகால இசைத்தட்டுகளில் உஷா ஐயர் என்றே இருக்கும். அந்தக் காலத்தில் அது சமாளிக்கக்கூடியது. இன்று தேடுபொறிக்கு அவர்கள் இரண்டு பேர்.

பழைய வீடியோக்களை அழிக்காதீர்கள். உங்களுக்குக் கல்யாண ஆர்டர் தருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு ஒரு பக்கம், சொந்தப் பாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, புதுப் படத்தை எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள். இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு மாற்றினால் எது நீங்கள் என்று யாருக்கும் புரியாது.

வெளியீடு

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரிடம் அதை நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். பதிவை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே தருவார்கள், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர்களுக்குப் பாட்டைச் சிபாரிசு செய்வது வெளியாகும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால், ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான். 2024 முதல் அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்பட்டால்தான் காசு கணக்கில் வரும். முப்பது வினாடிக்கு முன்னால் தள்ளிவிட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. அரை நிமிடம் வெறும் இசை வைத்து ஆரம்பிக்கிற ஆசையை இதனால் மறுபரிசீலனை செய்யுங்கள்.

நான்கு பாட்டையும் ஆறிலிருந்து எட்டு வார இடைவெளியில் விடுங்கள்.

கமென்ட் பகுதியை வெளியீட்டுக்கு முன் நாளே கட்டுப்படுத்துங்கள். யூடியூபில் தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் வைக்கலாம். உடையையும் உடம்பையும் பற்றி வரக்கூடிய வசவுகள் ஒரு முப்பது நாற்பதைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதும் இரண்டு மூன்று விதத்திலும், கன்னடத்திலும் ஏற்றுங்கள். இந்த வேலையைப் பாடகி செய்ய வேண்டாம், தம்பியோ தோழியோ உட்கார்ந்து செய்யட்டும்.

மேடை

நாற்பது நிமிடத்துக்கு ஒன்பது பாட்டு வரும். முதல் மூன்று மாதம் ஏழு தெரிந்த பாட்டு, இரண்டு சொந்தப் பாட்டு. சொந்தப் பாட்டு மூன்றாவதாகவும் ஏழாவதாகவும் இருக்கட்டும். முதல் பாட்டாக வைத்தால் ஜனம் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும், கடைசியில் வைத்தால் பந்திக்குப் போயிருக்கும். திறந்தவெளி மேடை என்றால் முதல் பாட்டு கன்னடம். கர்நாடக மாநிலம் உருவானதைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ நவம்பரில் மட்டும் இல்லை, எப்போதுமே. அரங்கம் சட்டென்று உங்கள் பக்கம் வரும்.

சவுண்ட் செக்கில் என்ன கேட்பது என்று தெரியாமல் "ஓகே, ஓகே" என்று இறங்கிவிடாதீர்கள். கன்னடக்காரரோ தமிழரோ, மிக்ஸரில் இருப்பவரை "அண்ணா" என்றால் இரண்டு மொழிக்கும் பொருந்தும். "அண்ணா, எக்கோ எடுத்துடுங்க. மானிட்டர்ல என் குரல் ஏத்துங்க, கீபோர்டு குறைங்க. குரல்ல கீழ நூறு ஹெர்ட்ஸ் வெட்டிடுங்க." இவ்வளவு சொன்னாலே அவர் நிமிர்ந்து உட்காருவார். ஆர்கெஸ்ட்ராவில் எக்கோ குரலின் குறையை மூடும். புதுப் பாட்டின் வார்த்தையையும் மூடிவிடும், யாருக்கும் தெரியாத வரி அப்படிப் போனால் பாட்டே போச்சு.

மைக் ஷ்யூர் எஸ்எம்58 என்றால் மானிட்டர் ஸ்பீக்கர் நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கிற இடத்தில். பீட்டா 58ஏ என்றால் நேரே வைத்தால் கூவும், இரண்டு பக்கமும் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். வீடியோவில் ராப் பாடகர்கள் செய்கிற மாதிரி மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் கூவும், குரலும் டப்பாவுக்குள் போகும்.

இரவு பத்து மணிக்குத் திறந்தவெளியில் ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பெங்களூரில் எட்டரைக்கு ஆரம்பிக்கும் என்று சொன்ன நிகழ்ச்சி ஒன்பதே காலுக்கு ஆரம்பிக்கும், போலீஸ்காரர் பத்துக்குச் சரியாக வருவார். அதனால் இருபத்தைந்து நிமிடப் பட்டியல் ஒன்றும் தனியாக எழுதிவைத்திருங்கள், அதில் இரண்டு சொந்தப் பாட்டும் இருக்கட்டும். டிசம்பர் மேடையில் குளிர் தொண்டையைப் பிடிக்கும். முறை வரும்வரை கழுத்தில் துணி, கையில் வெந்நீர்.

பாதிப் பணம் தேதி குறிக்கும்போது, மீதி மேடை ஏறுமுன். டிடிஎஸ் பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சியை வீடியோ எடுத்துப் போட உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், சட்டம் அந்த உரிமையைப் பாடுகிறவருக்குத் தருகிறது. வீட்டுக்குத் திரும்ப வண்டி அமைப்பாளர் பொறுப்பு என்பது அடுத்த வரி. இரவு பதினொன்றுக்கு ஒயிட்ஃபீல்டில் நின்று ஆட்டோவோடு பேரம் பேசுவது இந்த வேலையின் பகுதி அல்ல.

எந்த மாதம்

கல்யாண வருமானத்தை விட்டுவிடாதீர்கள், ஸ்டுடியோ செலவு அதிலிருந்துதான் வரும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் மேடைகள் இருக்கும். அடுத்து விநாயகர் சதுர்த்திப் பந்தல்கள் ஆரம்பித்தால் பெங்களூரில் ஒரு மாதத்துக்கு மேல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மூச்சு விட நேரம் கிடையாது, நவம்பர் முழுக்க ராஜ்யோத்சவ விழாக்கள். மிச்சம் மார்கழி. டிசம்பர் 31 இரவைத் தவிர டைரி காலியாக இருக்கும். ஆனால் குளிருக்குக் குரல் சரியாக எழும்பாது, எனவே மார்கழியில் பாட்டு எழுதுவது, கட்டை பார்ப்பது, தாள்களில் கையெழுத்து வாங்குவது. குரல் பதிவு மாசியில், இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவே குறைந்தது மூன்று நாள் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கிற வாரமாகப் பார்த்து. அதற்கு முந்தைய இரவு ரிசப்ஷன் ஒப்புக்கொண்டிருந்தால் ஸ்டுடியோ தேதியை மாற்றிவிடுங்கள்.